பஞ்சதீர்த்தி செப்புத் திருமேனி: பீடத்தில் சிங்கம் இருந்தால் மகாவீரரா?

செப்பேட்டுப்பித்தன் (கேள்வி)

வணக்கம். மேற்கு இந்தியச் சமணத் திருமேனி ஒன்றுக்குப் பட்டியல் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. கையில் இருப்பவை படங்கள் மட்டும்தான். உயரம் 19 செ.மீ. நடுவில் அமர்ந்த தீர்த்தங்கரர், இருபுறமும் நின்ற கோலத்தில் ஒவ்வொருவர், அவர்கள் தலைக்கு மேலே அமர்ந்த சிறு உருவம் ஒவ்வொன்று. ஆக ஐவர்; இப்படி ஐந்து தீர்த்தங்கரர் சேர்ந்த படிமம்தான் பஞ்சதீர்த்தி. கண்ணிலும் மார்பிலும் வெள்ளி பதித்திருக்கிறது. பின்பக்கம் நாகரி எழுத்தில் நான்கு வரி. அதில் ‘ஸம்வத் 1525’ (விக்கிரம ஆண்டு) மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

பீடத்தில் இரண்டு சிங்கம், இரண்டு யானை. அதற்குக் கீழே சக்கரம், சக்கரத்தின் இருபுறமும் மான். பார்ப்பவருக்கு வலப்பக்க ஓரத்தில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் தெய்வம். பழைய குறிப்பேட்டில் ‘மகாவீரர், சிங்க இலாஞ்சனை’ (அவருக்குரிய அடையாளச் சின்னம்) என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிங்கம் மகாவீரருக்கு, யானை அஜிதநாதருக்கு, மான் சாந்திநாதருக்கு என்றுதான் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. மூன்றும் ஒரே பீடத்தில் இருந்தால் யார் என்று எடுத்துக்கொள்வது? குழந்தையோடு இருப்பது நேமிநாதரின் இயக்கியான (காவல் தெய்வமான) அம்பிகா என்றால் நேமிநாதர் அல்லவா வர வேண்டும்? பீடத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிண்டிநிழல்

பழைய குறிப்பை அடித்துவிடுங்கள். அந்தச் சிங்கங்கள் யாருடைய இலாஞ்சனையும் அல்ல. அவை ஆசனத்தைச் சுமக்கும் சிங்கங்கள். சிம்மாசனம் இருபத்துநான்கு தீர்த்தங்கரருக்கும் பொது. யானைகளும் அதே ஆசனத்தின் உறுப்பு. சக்கரம் அறவாழி, மான்கள் அதன் துணை. மூன்றையும் ஒதுக்கிவிட்டால் அந்தப் பீடம் இவர் யார் என்று இன்னும் சொல்லவே இல்லை என்பது தெரியும்.

நடுவில் இருப்பவரைச் சுற்றியுள்ள சட்டகத்துக்குப் பரிகரம் என்று பெயர். கேவலஞானம் (முற்றறிவு) பெற்ற தீர்த்தங்கரர் சமவசரணத்தில் (தேவர்கள் அமைக்கும் அறவுரை அவையில்) அறம் உரைக்கும்போது தேவர்கள் சூழ்ந்து செய்யும் சிறப்பு எட்டு: அசோக மரம், பூமாரி, தெய்வ ஒலி, சாமரம், சிம்மாசனம், ஒளிவட்டம், துந்துபி, முக்குடை. இந்த எட்டையும் உள்ளங்கை அகல உலோகத்தில் அடக்குவதுதான் வார்ப்பவனின் வேலை. ஆகவே பரிகரம் ‘இவர் தீர்த்தங்கரர்’ என்று சொல்லுமே தவிர, எந்தத் தீர்த்தங்கரர் என்று சொல்லாது.

கீழிருந்து மேலாகப் பாருங்கள். பீடத்தின் அடிவிளிம்பில் வரிசையாகச் சின்னத் தலைகள் அல்லது குட்டி உருவங்கள் இருந்தால் அவை கோள்கள். பழையவற்றில் எட்டு இருக்கும், கேது சேராது. பிற்காலத்தில் ஒன்பது. எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், காலம் கணிக்க ஓரளவு உதவும். விளிம்பின் இரு முனைகளில் கைகூப்பி மண்டியிட்டிருப்பவர்கள் பெரும்பாலும் படிமம் செய்வித்த கணவனும் மனைவியும். சிங்கங்களுக்கு நடுவே சிறு பெண் உருவம் இருந்தால் அது சாந்திதேவி. இயக்கி என்று எழுதிவிட வேண்டாம். இயக்கனும் இயக்கியும் ஆசனத்தின் வெளி ஓரங்களில், சற்றே தள்ளி நிற்கும் தனித் துண்டுகளில் இருப்பார்கள். தீர்த்தங்கரரின் வலக்கைப் பக்கம் இயக்கன், இடக்கைப் பக்கம் இயக்கி. பார்ப்பவருக்கு இது மாறித் தெரியும். குறிப்பில் ‘வலம்’ என்று எழுதினால் யாருடைய வலம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது.

மேலே போனால், நின்ற கோலத்தில் இருப்பவர்கள் கைகளை உடம்பில் ஒட்டாமல் நேராகத் தொங்கவிட்டிருப்பார்கள், காயோத்சர்க்கம். சாமரம் வீசுவோர் அவர்களுக்கு அருகில் இருக்கலாம், சில வார்ப்புகளில் அந்த இடத்தையே இவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் மேலே மாலை ஏந்திப் பறப்பவர்கள், முக்குடை, இருபுறமும் துதிக்கை தூக்கிய யானைகள், குடைமேல் சங்கோ முரசோ முழக்கும் ஒருவர், உச்சியில் கலசம். சுற்றியுள்ள நால்வரில் ஒருவர் தலைமேல் நாகப் படம் இருந்தாலொழிய அவர்களுக்குப் பெயர் தேட வேண்டாம். ‘நான்கு தீர்த்தங்கரர்’ என்று எழுதினால் போதும்.

நடுநாயகரை அடையாளம் காட்டக்கூடியவை மிகச் சிலவே. தோளில் விழும் சடை என்றால் ரிஷபநாதர். ஏழு படம் எடுத்த நாகம் என்றால் பார்சுவநாதர். ஐந்து படம் என்றால் பெரும்பாலும் சுபார்சுவநாதர். மற்றவர்கள் முகத்தாலும் உடம்பாலும் ஒருவரை ஒருவர் வேறுபடுவதில்லை. அப்படித்தான் வேண்டும் என்று செய்தார்கள். விருப்பு வெறுப்பு அறுத்தவருக்குத் தனி முகபாவம் ஏது? அதனால் இலாஞ்சனை ஒன்றே வழி. அது ஒற்றை விலங்காக, ஆசன மெத்தையின் முன்முகத்திலோ பீடத்தின் நடுவிலோ, மிகச் சிறிதாக, பெரும்பாலும் உளியால் கீறியதாக இருக்கும். இரட்டையாக எதிரெதிரே நிற்கும் எதுவும் இலாஞ்சனை அல்ல. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டாலே பழைய குறிப்பேடுகளில் உள்ள பிழைகளில் பல தீரும்.

அம்பிகா விஷயமும் இப்படித்தான். இருபத்துநான்கு பேருக்கும் தனித்தனி இயக்கன், இயக்கி என்ற பட்டியல் பிறகு வந்தது. அதற்கு முன்பு மேற்கு இந்தியாவில் எல்லாத் தீர்த்தங்கரருக்கும் ஒரே இணைதான்: பணப்பையோடு குபேரனைப் போன்ற சர்வானுபூதி, மாங்கொத்தும் குழந்தையுமாக அம்பிகா. பதினொன்று முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையான, ராஜஸ்தானின் அபு, குஜராத்தின் கும்பாரியா கோயில்களிலேயே இந்தப் பழக்கம் தொடர்கிறது. ரிஷபநாதரின் இயக்கி சக்கரேசுவரியோ பார்சுவநாதரின் இயக்கி பத்மாவதியோ இருந்தால் அது சான்று. அம்பிகா இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது.

பெயர் பின்பக்கத்தில் இருக்கும். எழுத்தைப் படியுங்கள்.

எழுத்தாணி

மேலே சொன்னது சரி. மேற்கு இந்தியச் சுவேதாம்பர (வெள்ளாடைத் துறவியர் பிரிவு) திருமேனிகள் பலவற்றில் இலாஞ்சனையே கிடையாது. செய்வித்தவர்கள் பின்பக்க எழுத்தை நம்பி விட்டுவிட்டார்கள். அந்த எழுத்து ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும். அமைப்பு தெரிந்தால் பாதி தேய்ந்திருந்தாலும் படித்துவிடலாம்.

வரிசை இது: ஸம்வத், ஆண்டு, ‘வர்ஷே’. பிறகு மாதம், ‘ஸுதி’ (வளர்பிறை) அல்லது ‘வதி’ (தேய்பிறை), திதி எண், கிழமை. பிறகு குலம்: ஶ்ரீமால, ப்ராக்வாட, ஊகேஶ அல்லது உபகேஶ, அதையொட்டி ‘ஞாதீய’ (குலத்தவர்). பிறகு செய்வித்தவர் பெயர், மனைவி, மகன். பிறகு யாருடைய நன்மைக்காக. பிறகு எந்தத் தீர்த்தங்கரரின் ‘பிம்பம் காரிதம்’ (படிமம் செய்விக்கப்பட்டது). கடைசியில் ‘ப்ரதிஷ்டிதம்’ (நிறுவப்பட்டது), கச்சத்தின் (துறவியர் மரபின்) பெயர், ஆசாரியர் பெயர், ‘ஸூரிபி:’ (ஆசாரியரால்). இடம் மிச்சமிருந்தால் ‘ஶுபம் பவது’.

சுருக்கங்களில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். ‘பா’ என்று எழுதி ஒரு சுழியம் போட்டிருந்தால் பார்யா, மனைவி. ‘பு’ புத்ர, ‘ஸு’ ஸுத, ‘ஞா’ ஞாதீய. ‘ஶ்ரே’ பெயருக்கு முன்னால் வந்தால் ஶ்ரேஷ்டி, வணிகர். பின்னால் வந்தால் ஶ்ரேயஸே, நன்மைக்காக. ‘ஸா’ ஸாஹ, ‘வ்ய’ வ்யவஹாரி, ‘மம்’ மந்த்ரி, ‘ட’ டக்குர. இந்தப் பட்டங்களையும் சுருக்கங்களையும் பெயரின் பகுதியாகச் சேர்த்துப் படித்தால் உலகத்தில் இல்லாத ஆட்கள் பிறப்பார்கள்.

அடுத்தது படிமாத்திரை. அந்தக் காலச் சமண நாகரியில் ஏகாரக் குறி எழுத்தின் தலைமேல் ஏறாது; நம் ‘கெ’, ‘கே’யில் கொம்பு முன்னால் நிற்பதைப் போல, எழுத்துக்கு முன்னால் செங்குத்துக் கோடாக நிற்கும். இன்றைய நாகரி பழகிய கண் அதை முந்தைய எழுத்தின் ஆகாரக் குறி என்று எடுத்துக்கொள்ளும். ‘ஆத்மஶ்ரேயஸே’ என்பது ‘ஆத்மாஶ்ரயாஸ’ என்று தெரியும். ஓகாரமானால் முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு. பொருளில்லாத ஆகாரம் வரும் இடத்தில் எல்லாம் அந்தக் கோட்டை அடுத்த எழுத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

ஆண்டைக் கிறித்து ஆண்டாக மாற்றக் கண்ணை மூடிக்கொண்டு 57 கழிக்காதீர்கள். ஆண்டு சைத்திரத்தில் பிறக்கும் கணக்கு ஒன்று; குஜராத்தில் கார்த்திகையில் பிறக்கும் கணக்கு ஒன்று. ஸம்வத் 1525 வைசாக ஸுதி 3 என்றால் முதல் கணக்கில் 1468, இரண்டாவதில் 1469. கிழமை தெரிந்தால் பஞ்சாங்கக் கணிப்பில் இரண்டு ஆண்டையும் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எடுங்கள். கிழமை தேய்ந்திருந்தால் ‘1468-69’ என்றே எழுதுங்கள்.

படம் எடுக்க முடிந்தால்: கேமராவை எழுத்துக்கு நேராக நிறுத்தி, விளக்கை மட்டும் தரையோடு ஒட்டியது போலச் சாய்த்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். ஒரு ஒளியில் மறையும் கோடு அடுத்ததில் எழும். சுண்ணாம்புக்கட்டி, மாவு, திருநீறு எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது. கீறலில் போனது வெளியே வராது, ஈரம் இழுக்கும்.

செப்பேட்டுப்பித்தன்

இருவருக்கும் நன்றி. சாய்ந்த ஒளியில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. படித்த வரை: ‘ஸம்வத் 1525 வர்ஷே வைஶாக ஸுதி 3 … ஶ்ரீமாலஞா … பா … ஆத்மஶ்ரேயஸே ஶ்ரீஶாம்திநாதபிம்பம் கா’. ஆண் பெயரும் கிழமையும் கச்சமும் தேய்ந்துவிட்டன. அப்படியானால் சாந்திநாதர். பீடத்து மான் அவருடைய இலாஞ்சனைதான் என்று இப்போது எழுதலாம் இல்லையா?

இன்னும் இரண்டு ஐயம். முகம் நன்றாகத் தேய்ந்து மூக்கு மழுங்கியிருக்கிறது, பின்பக்கத்தில் பிசுக்கு ஏறியிருக்கிறது. புளி போட்டுத் துலக்கினால் மீதி எழுத்தும் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா? தமிழ்நாட்டுச் சமணத் திருமேனிகளில் மார்பில் இப்படி வைரவடிவச் சின்னம் பார்த்த நினைவில்லையே, அது ஏன்?

பிண்டிநிழல்

மான் விஷயத்தில் அதே குழிதான். அறவாழியின் இருபுறமும் இரண்டு மான்கள், அவை ரிஷபநாதர் பீடத்திலும் இருக்கும், பார்சுவநாதர் பீடத்திலும் இருக்கும். சாந்திநாதரின் மான் ஒற்றை. மெத்தையின் நடுவில் தனி மான் கீறல் இல்லையென்றால் ‘இலாஞ்சனை இல்லை, பெயர் பின்பக்க எழுத்தால் அறியப்படுகிறது’ என்று எழுதுங்கள். முடிவு சரியாக இருந்தாலும் காரணம் தப்பாக இருந்தால் அடுத்த திருமேனிக்கு அந்தத் தப்பு தொற்றிக்கொள்ளும்.

மார்பில் இருப்பது ஸ்ரீவத்சம். வடக்கிலும் மேற்கிலும் மார்பின் நடுவில். தமிழகத்தில் பெரும்பாலும் கிடையாது. வேறு வேறுபாடுகளும் உண்டு. மேற்கில் இரு உள்ளங்காலும் மேல் நோக்கும் முழுப் பதுமாசனம், நம் பக்கம் ஒரு கால்மேல் ஒரு கால் வைத்த அர்த்தபரியங்கம். மேற்கில் சுவேதாம்பரர் மிகுதி என்பதால் நின்ற உருவங்களுக்கு ஆடை மடிப்பு தெரியும். அமர்ந்தவருக்குக் கணுக்கால்களுக்கு நடுவே ஆடையின் நுனி மெத்தைமேல் விசிறிபோல் விழும். அந்த நுனி இருக்கிறதா என்று உங்கள் படத்தில் பாருங்கள். ஆடை துறந்த திகம்பரப் பிரிவின் படிமத்தில் அது வராது.

உலைக்களம்

புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, துலக்கும் பசை, எல்லாம் அதே கேடு.

‘செப்புத் திருமேனி’, ‘ஐம்பொன்’ என்று வழக்கில் சொன்னாலும் இந்தக் காலத்து மேற்கிந்திய வார்ப்புகள் பெரும்பாலும் பித்தளை. செம்பும் துத்தநாகமும், ஓட்டத்துக்குக் கொஞ்சம் ஈயமும். புளிப்பு பட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து போகும். பளபளப்பு வந்தது போல ஒரு நாள் இருக்கும். பிறகு மேல்தோல் செம்பு நிறத்தில் பொரிப்பொரியாக நிற்கும். அதைத் திரும்ப மஞ்சளாக்க முடியாது. வெள்ளி பதித்த விளிம்பில் புளிப்பு தேங்கினால் சுற்றியுள்ள பித்தளை அரித்து, தகடு தளர்ந்து கழன்றுவிடும். அம்மோனியா கலந்த துலக்கு நீர் இன்னும் மோசம்: உள்ளே இழுவிசை தங்கியுள்ள பித்தளை அதில் விரிசல் விடும். தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள், மீதியை உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஏன் பித்தளை என்று கேட்டால், ராஜஸ்தானில் உதய்பூருக்குப் பக்கத்தில் ஜாவர் சுரங்கம் இருந்தது. துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிரவைத்து உலோகமாகவே எடுத்தார்கள். தாதுவையும் செம்பையும் மூடிய மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) சேர்த்துச் சூடாக்கும் பழைய முறையில் துத்தநாகம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. அதற்கு மேல் இருந்தால் தனித் துத்தநாகத்தைக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். ஊடுகதிர் ஆய்வு செய்ய வாய்ப்பிருந்தால் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் தேய்ந்த மேல்தோலில் அளந்தால் துத்தநாகம் குறைவாகக் காட்டும்.

துளைத்துளையான பரிகரத்தை ஒரே மெழுகில் வார்க்கப் பித்தளை நல்ல தோழன். தூய செம்பு இத்தனை மெல்லிய இடுக்கில் ஓடாமல் நின்றுவிடும். ஆனால் துத்தநாகம் 907 பாகையில் கொதித்துவிடும். செம்பு உருகுவதற்கோ 1085 வேண்டும். உலையைக் கூடுதல் நேரம் வைத்தால் வெள்ளைப் புகையாக அது போய்விடும், குழம்பு தடித்துவிடும், குடை நுனியும் பறப்போரின் கையும் நிரம்பாமல் மொட்டையாக நிற்கும். உங்கள் திருமேனியில் ஏதேனும் கை குட்டையாக இருந்தால் ‘உடைந்தது’ என்று எழுதுமுன் முனையைப் பாருங்கள். உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும். நிரம்பாத வார்ப்பு உருண்டு வழவழப்பாக இருக்கும்.

வெள்ளி வேலை வார்ப்புக்குப் பிறகு. உளியால் பள்ளம் எடுத்து, அடியில் கொஞ்சம் அகலமாக அரிந்து, கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டினால் உலோகம் விரிந்து தானே பிடித்துக்கொள்ளும். மெத்தையில் கட்டம் கட்டமாக வெள்ளியும் செம்பும் மாறி மாறி வருவது இப்படித்தான்.

முகத் தேய்மானத்துக்கு நோய் எதுவும் காரணமல்ல, வழிபாடுதான். கல் மூலவரை நகர்த்த முடியாது. ஸ்நாத்திரம் எனும் திருமுழுக்குப் பூசைக்கு இந்தச் சின்ன உலோகத் திருமேனியைத்தான் தட்டில் எழுந்தருளச் செய்வார்கள். நீர், பால், பிறகு துணியால் துடைப்பது, இடுக்கில் தங்கிய பழைய சந்தனத்தை வெட்டிவேர்க் குச்சத்தால் எடுப்பது. பிறகு ஒன்பது உறுப்பில் சந்தனம்: கால் பெருவிரல், முழங்கால், மணிக்கட்டு, தோள், உச்சி, நெற்றி, கழுத்து, மார்பு, கொப்பூழ். தினமும் விரல் படும் இடமும் துணி படும் இடமும் வழுக்கும். காதுக்குப் பின்னாலும் சாமரத்தின் மடிப்பிலும் உளித்தடம் அப்படியே இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு இருந்தால் மனம் நிம்மதி. எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கி, மேலே ஒரே பச்சைப் பூச்சும் இருந்தால் அச்சு எடுத்து வார்த்த நகல் என்று சந்தேகப்படுங்கள். எழுத்தையும் பாருங்கள்: பழையதில் எழுத்து வார்த்த பின் வெட்டியது, கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும். நகலில் எழுத்தும் சேர்ந்தே வார்க்கப்பட்டு ஓரம் சோப்புக்கட்டி போல உருண்டிருக்கும்.

கிழக்குமாடம்

அம்பிகா பற்றி ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ‘எதுவும் முடிவு கட்ட முடியாது’ என்பது கொஞ்சம் மிகை. பட்டியல் முறை பரவிய பிறகு, இயக்கனும் நேமிநாதருக்குரிய கோமேதனாக இருந்து, கூடவே சங்கு இலாஞ்சனையும் இருந்தால் அம்பிகாவைச் சான்றாகச் சேர்க்கலாம். தனியாக அவளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, அவ்வளவே.

வழிபாட்டுப் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை, குறிப்பில் பலரும் ‘வரமளிக்கும் தெய்வம்’ என்று எழுதுவதால். தீர்த்தங்கரர் வரம் தருவதில்லை. பிறவி அறுத்துப் போனவர், கேட்பதில்லை, கொடுப்பதில்லை. அவர் குணத்தை நினைப்பதால் வழிபடுபவரின் வினை தேய்கிறது என்பதுதான் கொள்கை. பொருள், குழந்தை, காவல் என்று கேட்பது இயக்கன் இயக்கியரிடம். அதனால்தான் அவர்கள் பீடத்தின் ஓரத்தில், சிறிதாக, ஆனால் கைக்கு எட்டும் இடத்தில். ‘ஆத்மஶ்ரேயஸே’ என்று செய்வித்தவர் வெட்டி வைப்பதும் இதனால்தான்: புண்ணியம் படிமத்தைச் செய்வித்த செயலில் இருக்கிறது.

இந்தக் கொள்கையைக் கடைசி வரை கொண்டுபோன வடிவம் திகம்பரரின் சித்தப் படிமம். பித்தளைத் தகட்டில் நின்ற மனித வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய வெற்றிடத்தையே வழிபடுவார்கள். உடல் நீங்கிய உயிருக்கு உலோகம் ஏது? பட்டியல்களில் இதை ‘உருவம் தொலைந்த சட்டகம்’ என்று எழுதியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெட்டின் ஓரம் வழவழப்பாக, தோளும் கையும் சமச்சீராக இருந்தால் எதுவும் தொலையவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் வடோதராவுக்கு அருகே அகோட்டாவில் 1951-ல் வெளிப்பட்ட 68 திருமேனிகளிலிருந்து தொடங்குங்கள். வடோதரா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ராஜஸ்தானில் வசந்தகட் திருமேனி ஒன்றில் ஸம்வத் 744, அதாவது 687, என்ற ஆண்டும் சிவநாகன் என்ற சிற்பியின் பெயரும் உண்டு. செய்தவன் பெயர் சொல்லும் சமண உலோகப் படிமம் அபூர்வம். பதினைந்தாம் நூற்றாண்டு வார்ப்புகளில் செய்வித்த குடும்பம் முழுவதும் பெயரோடு இருக்கும், வார்த்தவன் இருக்கமாட்டான்.

எழுத்தாணி

கிழக்குமாடம் சொன்ன திருத்தம் ஏற்கத்தக்கது.

பித்தன் சார், கச்சத்தின் பெயர் இன்னொரு படத்தில் கிடைத்தால் விடாதீர்கள். காலத்தைச் சரிபார்க்க அது நல்ல கருவி. தபா கச்சம் தொடங்கியது ஸம்வத் 1285-ல். ‘தபா’ என்று எழுதி அதற்கு முந்தைய ஸம்வத் போட்ட திருமேனி வந்தால் ஆண்டைத் தப்பாகப் படித்திருக்கிறோம், இல்லையென்றால் எழுத்து பிறகு வெட்டியது. உங்கள் 1525-க்கு அந்தச் சிக்கல் இல்லை.

குறிப்பை இப்படி எழுதலாம்: ‘சாந்திநாதர் பஞ்சதீர்த்தி. பித்தளை என்று தோன்றுகிறது, ஆய்வு செய்யப்படவில்லை. வெள்ளி பதிப்பு. உயரம் 19 செ.மீ. மேற்கு இந்தியா. ஸம்வத் 1525 வைசாக ஸுதி 3 (1468 அல்லது 1469). ஶ்ரீமால குலத்தவர் தம் ஆன்ம நன்மைக்காகச் செய்வித்தது. இலாஞ்சனை இல்லை, பெயர் பின்பக்க எழுத்தால். தீர்த்தங்கரரின் இடப்பக்கம் அம்பிகா.’ ஆடை நுனி தெரிந்தால் ‘சுவேதாம்பர’ என்று சேருங்கள். பழைய குறிப்பையும் அழிக்காமல் ‘முன்பு மகாவீரர் எனப் பதிவு’ என்று ஒரு வரி வையுங்கள், பழைய எண்ணை வைத்துத் தேடி வருபவருக்குத் தேவைப்படும்.